மாநாட்டுக்கு ஆஸ்திரேலியா போகும் பேராளர்களே, உடம்பையும் தயார் செய்யுங்கள்!



அனைத்துலக மாநாட்டுக்குப் பேராளராகத் தேர்வாகிவிட்டோம் என்றதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கோட்டு தைக்கக் கொடுக்கிறோம். பேச வேண்டியதை எழுதி எழுதிப் பார்க்கிறோம். சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லி மகிழ்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் கூடவே வரப்போகிற உடம்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நமக்குத் தெரிந்த கிளைச் செயலாளர் ஒருவர். பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர் வியாதி உள்ளவர். மாத்திரை, ஊசி மருந்து எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டார். அவர் போய் இறங்கினார், பெட்டி இறங்கவில்லை. அது வந்து சேர இரண்டு நாளாயிற்று. தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினையைப் பேச வேண்டிய மனிதர், நாக்கு வறண்டு, தலை சுற்றி, ஹோட்டல் அறையில் படுத்துக் கிடந்தார். அவருக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் பேச்சில்லாமலே போயிற்று. நம்பி அனுப்பிய உறுப்பினர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஆகவேதான் இந்த மாதம், ஆஸ்திரேலியா போகிறவர்கள் உடம்பைக் காத்துக்கொள்ளும் வழிகளை எழுதுகிறோம். மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

மருந்துப் பை

மருந்து எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. பெட்டி தவறிப் போவது ஒரு பக்கம். சாமான் அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம் என்பது இன்னொரு பக்கம்.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத மருந்தைக் கொண்டுபோக அந்நாடு அனுமதிக்கிறது. ஆனால் டாக்டரின் கடிதமோ மருந்துச் சீட்டோ கையில் வேண்டும். நம் அரசாங்க கிளினிக் புத்தகத்தில் மலாயில் எழுதியிருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். உங்கள் பெயர், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளைப் பழைய டப்பாவில் கொட்டிக் கலக்காமல், பெயர் ஒட்டிய உறையோடு அப்படியே வையுங்கள்.

"தீர்ந்துபோனால் அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாமே" என்பீர்கள். அதுதான் முடியாது. நம் டாக்டர் எழுதிய சீட்டுக்கு அங்குள்ள மருந்துக்கடையில் மருந்து தரமாட்டார்கள். அந்நாட்டு டாக்டரைப் பார்த்துப் புதிதாகச் சீட்டு வாங்க வேண்டும். கொடெயின் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும்கூட 2018 பிப்ரவரி முதல் சீட்டில்லாமல் கிடைப்பதில்லை. நாட்டு மருந்து, லேகியம், மூலிகைப் பொடி கொண்டுபோனால் அதையும் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும்.

காப்புறுதி இல்லாமல் கிளம்பாதீர்கள்

இங்கே அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து வைத்தியம் பார்த்துப் பழகிவிட்டோம். ஆஸ்திரேலியாவிலும் மெடிகேர் என்ற நல்ல பொது மருத்துவத் திட்டம் உண்டு. ஆனால் அது அந்நாட்டாருக்கும், ஒப்பந்தம் செய்துகொண்ட பிரிட்டன், நியூசிலாந்து போன்ற சில நாட்டாருக்கும்தான். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்த ஒப்பந்தம் கிடையாது. ஆம்புலன்ஸ் வண்டி ஏறினாலே கட்டணம். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆயிரக்கணக்கில் போகும்.

ஆகவே பயணக் காப்புறுதி எடுங்கள். எடுக்கும்போது இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் பணம் மிச்சம் என்று மறைத்தால், பிறகு நஷ்டஈடு கேட்கும்போது கை விரித்துவிடுவார்கள். ஏற்பாட்டுக் குழுவே காப்புறுதி எடுத்திருந்தால், பழைய நோய்களும் அதில் அடக்கமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விமானத்தில்

கோலாலம்பூரிலிருந்து சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ ஏறக்குறைய எட்டு மணி நேரப் பயணம். பெர்த் நகருக்கு ஐந்தரை மணி நேரம். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். எழுந்து நாலு அடி நடங்கள். தண்ணீர் குடியுங்கள். விமானத்தில் இலவசமாகத் தருகிறார்களே என்று மதுவைக் குடிக்காதீர்கள். உடம்பு மேலும் வறண்டுபோகும்.

பெர்த்தில் நம் மணிதான். சிட்னி, மெல்பர்ன் நகரங்கள் நமக்கு இரண்டு மணி முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை மாற்றி வைப்பதால் மூன்று மணி முன்னால். ஊசி போடுகிறவர்கள் எந்த மணிக்குப் போட வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் உண்மையை எழுதுங்கள்

ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் ஒரு வருகை அறிக்கை கொடுக்க வேண்டும். உணவு, செடி, விதை, மருந்து, மரச்சாமான் இருக்கிறதா என்று கேட்பார்கள். கடந்த 30 நாளில் பண்ணைக்கோ, கால்நடை அருகிலோ, காடு, ஆறு, குளம் பக்கமோ போனீர்களா என்றும் கேட்பார்கள். தோட்டத்தில் இருக்கிற நாம் என்ன சொல்வது? வீட்டுக்குப் பின்னால் ஆடு மாடு கட்டியிருப்போம். தினமும் செம்பனைக் காட்டில்தான் வேலை. பயப்படாமல் "ஆம்" என்றே எழுதுங்கள். அதிகாரி சப்பாத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கு முன்பே சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவி, காயவைத்துக் கொண்டுபோங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் 1872-க்குப் பிறகு அந்நாட்டில் இல்லை. 2022-இல் இந்தோனேசியாவில் அது பரவியபோது, விமான நிலையத்தில் வருகிறவர் காலடியைச் சுத்தம் செய்ய மருந்து விரிப்பே போட்டார்கள். அந்த நோய் நுழைந்தால் அங்கேயும் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களின் பிழைப்புப் போகும். இது நமக்குப் புரியாததா?

கருவேப்பிலை, பழம், விதை, இறைச்சி, முட்டை, பால் பலகாரம், வெற்றிலை பாக்கு இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நம் ஆட்கள் அன்போடு போட்ட பூமாலையையும் இங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். ஊறுகாய், மசாலைத்தூள் இருந்தால் சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளை எடுத்துக்கொள்ளலாம். உண்மை சொன்னதற்காக அபராதம் போடமாட்டார்கள். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் வரலாம், விசாவே ரத்தாகலாம்.

குளிரும் வெயிலும்

அங்கே பருவம் தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூலையில் மெல்பர்னில் விடியற்காலை 7 பாகைக்கு வந்துவிடும். தலைநகர் கான்பெராவில் பூஜ்யத்தைத் தொடும். ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று உடுப்புப் போடுவதுதான் நல்லது.

குளிர்காற்றில் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்த வெடிப்பே புண்ணாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாநாட்டுக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி, விமானம் ஏறும் நாளில்தான் முதன்முதலாகக் காலில் மாட்டுகிறோம். இது தவறு. இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டில் போட்டுப் பழகுங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் கிள்ளாதீர்கள்.

வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள். அங்கே காற்று குளுகுளு என்றிருக்கும்போதே வெயில் தோலைச் சுட்டுவிடும். தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் அது ஒன்று. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981 முதல் அங்கே பிரசாரம் நடக்கிறது. கறுத்த தோலுக்கு ஆபத்து குறைவு; ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இழுப்பு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். 2016 நவம்பர் 21-ஆம் நாள் மெல்பர்னில் இடியும் காற்றும் அடித்தபோது, புல்லின் மகரந்தத் தூள் உடைந்து காற்றில் கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத் திணறியது. பத்துப் பேர் இறந்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் மூச்சுக் குழலைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். இடி இடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருங்கள்.

சாப்பாடு

நகரங்களில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். காசு கொடுத்துப் போத்தல் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நம்மூர் மாமாக் கடை மாதிரி நடுராத்திரியில் ரொட்டி சானாய் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பல இடங்களில் இரவு எட்டு ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பையில் நாலு மிட்டாயும் கொஞ்சம் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். பக்கத்தில் உட்காருகிற தோழரிடம், "எனக்கு வேர்த்து, கை நடுங்கினால் இனிப்புக் கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

கைப்பேசிக்கும், மருந்துப் புகை இயந்திரத்துக்கும் மின்சாரச் செருகி வேறு மாதிரி. அங்கே தட்டையாகச் சாய்ந்த முனைகள். மாற்றுச் செருகி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரம் என்றால்

000 என்ற எண்ணைச் சுழற்றுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுதான். ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லையா? முதலில் "ஆம்புலன்ஸ்" என்று சொல்லுங்கள். பிறகு "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள். அவசரமில்லாத சமயத்தில் அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. இரவு பகல் எப்போதும் கிடைக்கும். நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மெல்பர்ன் போகிறவர்கள் டிரேட்ஸ் ஹால் கட்டடத்துக்கு எதிரில் நிற்கும் 8-8-8 நினைவுத் தூணைப் பார்த்து வாருங்கள். 1856 ஏப்ரல் 21-இல் அந்நகரின் கல் தச்சர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போய், எட்டு மணி நேர வேலை கேட்டு வென்றதன் அடையாளம் அது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கே சொந்தம் என்பது அதன் பொருள். மாநாட்டுக்குப் போன இடத்தில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்து, அவர்கள் போராடிப் பெற்ற ஓய்வை நாமே தொலைத்துவிடலாமா? நேரத்தோடு படுங்கள், நேரத்தோடு சாப்பிடுங்கள், மறக்காமல் மருந்து போடுங்கள். நம் மக்களுக்காக எழுந்து நின்று பேசும்போது உங்கள் குரல் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

நலமே சென்று வாருங்கள்!