ஆடும் கருங்காலியும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 1,950 கிலோமீட்டர் தொலைவில், தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, எரிமலைக் குழம்பு உறைந்து எழுந்த சிறு தீவாக நிற்கிறது செயின்ட் ஹெலினா. நெப்போலியன் 1815 முதல் 1821-இல் மரிக்கும்வரை சிறையிருந்த இடம் என்று சரித்திரப் பாடத்தில் படித்து மறந்துவிட்ட அத்தீவின் மெய்யான பெருமை அந்தச் சக்கரவர்த்தியால் வந்ததன்று. பூமியில் வேறெங்கும் காணப்படாத தாவர ஜாதிகள் பலவற்றை, மனிதன் காலடி படுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தன்னந்தனியே போஷித்து வந்தமையால் வந்தது. அவற்றுள் ஒன்று அத்தீவுக்கே உரிய கருங்காலிப் புதர்.

கருங்காலி என்ற பெயர் அதன் கட்டையின் நிறத்தால் ஏற்பட்டதேயன்றி, நம் நாட்டுக் கருங்காலிக்கும் அதற்கும் யாதொரு பந்துத்துவமும் இல்லை. டிரோகேட்டியாப்ஸிஸ் எபினஸ் என்று தாவர சாஸ்திரிகள் வழங்கும் இச்செடி, நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தியும், குளக்கரைப் பூவரசும், கரிசல் காட்டுப் பருத்தியும் சேர்ந்த பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. நெருங்கிய உறவினர் மடகாஸ்கர், மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளில் இருக்கின்றனர். மரமாக நிமிராமல் தாழ்ந்து பரவும் சுபாவம் உடையது. இலையின் மேற்புறம் கரும்பச்சை. அடிப்புறம் திருப்பிப் பார்த்தால் மெல்லிய ரோமம் படர்ந்து வெளிறியிருக்கும். அந்த இலைகளின் நடுவே ஐந்து இதழ் விரித்து மலரும் பூ, புதிதாக அவிழ்கையில் பால்போல் வெண்மையாக இருந்து, முதிர முதிர இளஞ்சிவப்பாக மாறுகிறது. ஆகவே ஒரே கிளையில் வெள்ளைப் பூவும் சிவந்த பூவும் அருகருகே நிற்கும் அழகைக் காணலாம். பட்டுப்போன செடியின் வைரக்கட்டையோ கறுத்து, கடினமாகி, மழையும் வெயிலும் தின்னாமல் மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். செடியே இல்லாமற்போன மலைச்சரிவுகளில் இவ்வாறு கிடந்த கறுப்புத் துண்டுகளைத் தீவார் பொறுக்கி வந்து, மரச்சாமான்களில் அலங்காரமாகப் பதிக்கும் வேலைக்குப் பயன்படுத்தினர். அவர்கள் கையில் எடுத்தது, முன்னொரு காலத்தில் அந்தச் சரிவு முழுவதும் நிறைந்திருந்த ஒரு வனத்தின் எலும்பு.

அந்த வனத்தை அழித்தது வெள்ளாடு. 1502-இல் தீவைக் கண்ட போர்த்துகீசியர், கடந்துபோகும் கப்பல்களுக்கு இறைச்சி வேண்டும் என்ற எண்ணத்தில் 1513-ஆம் ஆண்டுவாக்கில் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டனர். தின்னும் மிருகத்தையே கண்டறியாத செடிகளுக்கு முள்ளும் இல்லை, கசப்பும் இல்லை. ஆடுகளுக்கோ புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. 1588-இல் ஆங்கில மாலுமி காவெண்டிஷ் அங்கே இறங்கியபோது ஆடுகள் ஆயிரக்கணக்கில் பெருகித் திரிந்தன. ஆடு முதிர்ந்த மரத்தைக் கொல்வதில்லை என்பதுதான் இந்த நாசத்தின் பயங்கரம்: மரங்கள் நின்றுகொண்டே இருக்கும், பூக்கும், விதை உதிர்க்கும், முளைத்த கன்று மட்டும் ஒன்றும் மிஞ்சாது. பிறகு ஒரு தலைமுறை மரங்கள் மூப்பால் விழும்போது, அவற்றின் இடத்தை நிரப்பச் சந்ததி இல்லாமல், வெற்றுச் சரிவின் மண்ணை மழை கடலுக்கு அடித்துக்கொண்டு போகிறது. கேடு நிகழ்ந்தது எப்போது என்று காண்போர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

ஆயினும் அதைக் கண்டு சொன்னவர்கள் இருந்தார்கள். 1659 முதல் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் இருந்தது. சென்னப்பட்டணத்திலிருந்து தாய்நாடு திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் தண்ணீருக்கு அங்கேதான் தங்கும். கோட்டைகளுக்குச் சுண்ணாம்பு சுடும் காளவாய்களில் கருங்காலிதான் எரிந்தது. காடு குறைவதையும் வறட்சி வாட்டுவதையும் கண்ட கவர்னர், கருங்காலியைக் காப்பாற்ற வேண்டுமாயின் ஆடுகளை ஒழிக்க வேண்டும் என்று 1709-இல் லண்டன் டைரக்டர்களுக்கு எழுதினார். ஆடுகளை ஒழிக்கலாகாது, கருங்காலியைவிட அவையே அதிக மதிப்புள்ளவை என்று பதில் வந்தது. ஆட்டின் விலை சந்தையில் தெரியும். ஒரே ஒரு தீவில், பல லட்சம் ஆண்டுகளில் உருவான ஒரு ஜீவனின் விலையைக் கூறும் சந்தை எங்கே இருக்கிறது? அந்தப் பதிலை இன்று படிக்கும்போதும் மனம் கொதிக்கிறது. நூறாண்டுக்குப் பின், ஸ்ரீரங்கப்பட்டண யுத்தத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான சேனையில் நில அளவைத் தலைவராக இருந்த அலெக்ஸாண்டர் பீட்ஸன், 1808-இல் செயின்ட் ஹெலினா கவர்னராகி வந்து, தீவின் காடழிந்ததற்கு ஆடுகளே காரணம் என்று மறுபடியும் எழுதினார். அதற்குள் கருங்காலியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அதை உயிருடன் பார்த்தவர் இல்லை. அழிந்த ஜாதிகளின் கணக்கில் அது சேர்க்கப்பட்டது.

1980-ஆம் ஆண்டில், தீவிலேயே பிறந்து வளர்ந்த ஜார்ஜ் பெஞ்சமின், குவென்டின் க்ரோங்க் என்ற தாவர ஆராய்ச்சியாளருடன் சென்றபோது, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் ஒரு பாறைச்சரிவில், ஆட்டின் கால் எட்டாத விளிம்பில், இரண்டே இரண்டு கருங்காலிப் புதர்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். 1977-இல் தீவின் ஒலிவ மரம் என்ற மற்றோர் அபூர்வ விருட்சத்தின் கடைசிப் பிரதியைக் கண்டதும் இதே மனிதர்தான். மலையை நன்கு அறிந்த கண்ணுக்கு, அகாடமிகளின் ஏடுகளில் இல்லாத ஒரு ஞானம் உண்டு என்று நான் நம்புகிறேன். ஜார்ஜின் சகோதரர் கயிற்றில் தொங்கி இறங்கி, சில கிளைத்துண்டுகளை அறுத்து வந்தார்.

அத்துண்டுகள் வேர்விட்டன. முருங்கைக்கும் செம்பருத்திக்கும் நம் தோட்டத்தில் செய்வதுபோலவே, போத்து எடுத்து நட்டு, தழைத்த செடியிலிருந்து மறுபடியும் போத்து எடுத்து விருத்தி செய்வதற்கு இந்தக் கருங்காலி இடங்கொடுக்கும் குணமுடையது. இந்த ஒரு குணமே அதைப் பிழைக்க வைத்தது. நாற்றங்காலில் வளர்த்த செடிகள் ஆயிரக்கணக்கில் தீவெங்கும் நடப்பட்டன. ஒலிவ மரத்துக்கோ அந்தப் பாக்கியம் இல்லை: அதன் போத்து வேர்விடுவது அரிது, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத பூக்களாதலால், துணையின்றித் தனித்து நின்ற மரத்தில் விதை பிடிப்பதும் அரிது, பூஞ்சை நோயும் பற்றியது. வனத்தில் நின்ற கடைசி மரம் 1994-இல் பட்டது. வளர்ப்பில் எஞ்சியிருந்ததும் 2003-இல் மாண்டுபோக, அந்த ஜாதியே உலகைவிட்டு நீங்கியது.

எனவே கருங்காலி மீண்டுவிட்டது என்று மகிழ்கிறோம், மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் போத்திலிருந்து வளர்வது தாய்ச்செடியின் சந்ததியன்று, தாய்ச்செடியே தான். ஆயிரம் போத்து நட்டவன் ஒரே செடியை ஆயிரம் தரம் நட்டிருக்கிறான். மலைச்சரிவில் இன்று எத்தனை புதர் கண்டாலும், மரபுக் கூறுகளின் கணக்கில் அங்கே நிற்பவை அந்த இரண்டே. ஒரு நோய் அவற்றுள் ஒன்றைக் கொன்றால், அதிலிருந்து வந்த போத்துகள் அனைத்தையும் கொல்லும். அதே தீவின் செம்மரம், கருங்காலியின் உடன்பிறப்பு. ஒற்றை மரமாகக் குறுகி, அதன் விதையிலிருந்தே இன்றுள்ள அத்தனை செம்மரங்களும் வளர்ந்தன. முன்னோர் ஓங்கி வளர்ந்து பலகை தந்தவர்களாயிருக்க, இந்தப் பேரப்பிள்ளைகள் குன்றி, நலிந்து நிற்கின்றன. தன்னைத் தானே சேர்ந்து பெருகும் குலம் படும் பாட்டை அங்கே கண்ணாரக் காணலாம்.

மற்றோர் அபாயமும் இருக்கிறது. செம்மரத்தையும் கருங்காலியையும் அருகருகே நட்டால் இரண்டும் எளிதில் கலந்து, பெஞ்சமினின் பெயராலேயே வழங்கும் ஒரு கலப்பினம் பிறக்கிறது. பெற்றோரைவிட வீரியமாக வளரும் அச்செடி தோட்டத்துக்கு அழகுதான். அதன் விதையும் முளைக்குமாதலால், கவனியாது விட்டால் இரண்டு தலைமுறையில் கருங்காலி எது, கலப்பு எது என்று பிரித்தறிய முடியாமற்போகும். ஆதலின் இச்செடியை வளர்ப்பவன் முதலில் செய்ய வேண்டியது, செம்மரத் தோப்பை விட்டு விலக்கி நடுவது. அடுத்தது, எந்தப் போத்து எந்தத் தாய்ச்செடியினது என்று நாற்றங்காலில் முதல் நாளிலிருந்தே குறித்து வைப்பது. பின்னர் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் கையால் சேர்த்து, அவ்விரண்டின் கலவையால் பிறக்கும் விதைகளை நடுவது. இரண்டு செடிகளில் இருப்பதற்கு மேல் வேறுபாட்டை எவராலும் உண்டாக்க இயலாது. ஆனால் இருப்பதை ஒரு துளியும் சிந்தாமல் பேரக் கன்றுகளுக்குக் கொண்டு சேர்க்க முடியும். அதற்கு வேண்டியது பெருந்தொகையன்று. பூக்கும் பருவத்தில் நாள்தோறும் செடியருகே நிற்கக்கூடிய ஓர் ஆளும், அவர் ஓய்வு பெறும்போது அதே குறிப்பேட்டை வாங்கிக்கொள்ள இன்னோர் ஆளும்.