குளிர் நாட்டுப் பசி

குளிர் வந்தால் பசியும் கூட வரும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. மார்கழி விடியலில் வெண்பொங்கலுக்கு இருக்கும் ருசி சித்திரை மாதத்தில் இருப்பதில்லை. பொங்கல் என்னவோ அதே பொங்கல்தான். ஆனால் நம் ஊர் மார்கழிக் குளிர், உலகத்துக் குளிர்களுள் மிகவும் சாதுவானது. கானடா தேசத்து டொரோன்டோ நகரிலே குடியேறியிருக்கும் நம்மவர் ஆயிரக்கணக்கானோரைக் கேட்டால், குளிர் என்றால் என்னவென்று சொல்வார்கள். அங்கே ஜனவரி மாதத்தில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சில நாட்களில் இருபதுக்கும் போகும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் தேக சௌக்கியத்தை உத்தேசித்து அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். இக்காலத்தில் இதற்குப் ‘பேலியோ’ என்றும் ‘கீட்டோ’ என்றும் பெயர்கள் வழங்குகின்றன. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சில வாரங்களில் பசி அடங்கிப் போவதுண்டு. இந்த முறைக்கு இவ்வளவு பேர் வசப்பட்டதற்கு அதுவே முக்கிய காரணம் என்று சொல்லலாம். கோடை முழுவதும் இரண்டு வேளை உணவோடு திருப்தியாக இருந்த மனிதர், பனி விழத் தொடங்கியதும் நடுநிசியில் எழுந்து சமையலறையில் டப்பாக்களைத் திறந்து பார்க்கிறார். தம் மனவுறுதி தளர்ந்துவிட்டதாக எண்ணி வெட்கப்படுகிறார். உண்மையில் அவர் வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை. ஆனால் அந்தப் பசி எதைக் கேட்கிறது என்பதை மட்டும் அவர் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உறைபனி நாடுகளில் சிலர் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடம் அது.

முதலில் உடம்பின் வரவு செலவைப் பார்ப்போம். வெளியே எவ்வளவு குளிரானாலும் உடலின் உட்புறம் 37 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே இருந்தாக வேண்டும். உஷ்ணம் வெளியேறினால் ஈடு செய்தாக வேண்டும். நடுக்கம் எடுப்பது அதற்காகத்தான். தசைகள் வேலையின்றி வேலை செய்து சூட்டை உண்டாக்குகின்றன. நடுக்கமில்லாமலே சூடு தருவதற்குப் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. கைக்குழந்தைகளுக்குத்தான் அது உண்டென்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பெரியவர்களிடமும் அது வேலை செய்கிறது என்பது 2009-ஆம் ஆண்டில் நிச்சயமாயிற்று. இந்த அடுப்புகளுக்கெல்லாம் விறகு வேண்டுமல்லவா? அந்த விறகைக் கேட்கும் குரலே பசி.

ஜான்ஸன், கார்க் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1947-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். போர்வீரர்கள் தாங்களாகவே விரும்பி எவ்வளவு உண்கிறார்கள் என்பதே கணக்கு. சுமார் 33 டிகிரி வெயிலடிக்கும் பாலைவனத்தில் நாள் ஒன்றுக்கு 3,100 கலோரி. பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரிக்குப் போன வடகோடியில் 4,900 கலோரி. பொதி போன்ற கம்பளி உடைகளையும் கனத்த காலணிகளையும் சுமந்துகொண்டு பனியில் நடப்பதே பெரும் உழைப்பு. ஆகவே அதிகப் பசியை எல்லாம் குளிரின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. இதில் நம் கவனத்துக்குரிய மற்றொரு விஷயம்: மொத்த உணவு இவ்வளவு கூடிய போதிலும், அதில் புரதத்தின் பங்கு எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருந்தது. குளிர் கேட்டது எரிபொருளையே.

மாவுச்சத்தே கிடையாத தேசத்தில் அந்த எரிபொருள் எங்கிருந்து வரும்? வடதுருவத்தை அடுத்த பிரதேசங்களில் வாழும் இன்யூட் மக்களுக்கு (முன்னாளில் எஸ்கிமோக்கள் என்று எழுதினார்கள்) நெல்லுமில்லை, கிழங்கு வகையும் அற்பமே. சீல், திமிங்கிலம், கலைமான், மீன் இவையே பரம்பரை உணவு. 1906-ஆம் ஆண்டில் அவர்களிடையே சென்று வாழத் தொடங்கியவர் வில்ஹ்யால்மர் ஸ்டெபான்ஸன் என்னும் ஆராய்ச்சிப் பிரயாணி. கானடாவில் ஐஸ்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த இவர், பிற்பாடு தொடர்ந்து பல காலம் மாமிசமும் மீனும் மட்டுமே உண்டு வடகோடியில் திரிந்தவர். அவர் முக்கியமாகச் சொன்ன செய்தி, மாமிசம் மட்டும் உண்டு வாழலாம் என்பதன்று; கொழுப்பில்லாத மாமிசத்தை மட்டும் உண்டு வாழ முடியாது என்பதே.

வட கானடாவின் காடுகளில் வாழும் பழங்குடி மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூஸ் என்னும் பெரிய மானும், பீவரும், கொழுத்த மீனும் அகப்படாமல் போய், முயல் மாத்திரம் தாராளமாகக் கிடைக்கும் வருஷங்கள் உண்டு. முயலின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் சில நாட்கள் மனிதன் வழக்கம்போல உண்கிறான். பிறகு பசி ஏறுகிறது. ஒரு வாரத்துக்குள் மூன்று மடங்கு, நான்கு மடங்கு தின்கிறான், வயிறு உப்புகிறது, ஆனால் பசி மட்டும் தீருகிறதில்லை. அப்புறம் வயிற்றுப்போக்கு, தலைவலி, இனம் தெரியாத ஒரு தவிப்பு. கொழுப்புக் கிடைக்காவிட்டால் சாவு. எதிரே உணவு குவிந்து கிடக்க மனிதன் பட்டினியால் மடிகிறான்! ‘முயல் பட்டினி’ என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். காரணம் மறைவானதன்று. புரதத்தை எரிபொருளாக்கும்போது மிஞ்சும் கழிவை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் வேலை ஈரலுக்கு உரியது. அந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு மேல் எவ்வளவு தின்றாலும் அது பலமாக மாறாமல் விஷமாகவே மாறுகிறது.

இதை நகரத்து வைத்தியர்கள் நம்ப வேண்டுமே? 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் டு புவா என்னும் பேராசிரியரின் மேற்பார்வையில் ஸ்டெபான்ஸனும், வடகோடியில் அவருடன் இருந்த ஆண்டர்ஸனும் தங்களையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார்கள். ஓராண்டு முழுவதும் மாமிசம் ஒன்றே ஆகாரம். ஆண்டர்ஸன் கொழுப்பும் சதையுமாக உண்டு தொடக்கத்திலிருந்தே சுகமாக இருந்தார். ஸ்டெபான்ஸனுக்கோ, வைத்தியரின் விருப்பப்படி முதலில் கொழுப்பு நீக்கிய சதையை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுத்த மாமிசத்தைக் கொடுத்ததும் அவை நீங்கின. பிறகு இருவரும் உண்டதில் கலோரிக் கணக்கில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் கொழுப்பாகவே இருந்தது. வடதுருவத்தின் அனுபவம் நியூயார்க்கின் கட்டிலில் அப்படியே மெய்யாயிற்று.

மாமிசப் பேச்சு சைவ வாசகர்களுக்கு அலுத்திருக்கலாம். அவர்களுக்கு வெண்ணெயின் கதை ஒன்று உண்டு. 1911-ஆம் ஆண்டு, தென்துருவ கண்டம். அங்கே ஜூலை மாதம்தான் நடுக் குளிர்காலம், சூரியன் உதிப்பதேயில்லை. காப்டன் ஸ்காட்டின் கூட்டத்தைச் சேர்ந்த வில்ஸன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் என்ற மூவர், எம்பரர் பெங்குவின் பறவையின் முட்டைகளைத் தேடி அந்த இருட்டில் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஐந்து வாரப் பிரயாணம் செய்தார்கள். ஒரு நாள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டிற்று. போகிற போக்கில் அவர்கள் உணவுச் சோதனையும் ஒன்று நடத்தினார்கள். பவர்ஸுக்குப் பெம்மிகன் (உலர்ந்த மாமிசத் தூளைக் கொழுப்பில் குழைத்த கட்டி) அதிகம். வில்ஸனுக்கு வெண்ணெய் அதிகம். செர்ரி-காரார்டுக்கு பிஸ்கோத்து அதிகம். அதாவது மாவுச்சத்து மிகுந்த படி இவருடையது.

சில நாட்களில் செர்ரி-காரார்ட் கொழுப்புக்காக ஏங்க ஆரம்பித்தார். பிஸ்கோத்தைக் கூட்டிப் பார்த்தார். ஏக்கம் தீரவில்லை, நெஞ்செரிச்சல்தான் வந்தது. மற்ற இருவரைக் காட்டிலும் குளிரும் அவரையே அதிகம் வாட்டியது. வில்ஸனாலோ தமக்கு விதித்த வெண்ணெய் முழுவதையும் உண்ண முடியவில்லை. கடைசியில் இருவரும் பண்டமாற்று செய்துகொண்டார்கள்: நாலு அவுன்ஸ் வெண்ணெய்க்கு நாலு அவுன்ஸ் பிஸ்கோத்து. அந்த இருட்டில், உறைந்து போன கூடாரத்துக்குள் நடந்த இந்தச் சிறு வியாபாரத்தைவிடத் தெளிவான உணவு சாஸ்திரப் பாடம் ஒன்றை நாம் படித்ததில்லை. உணவில் கொழுப்பு குறைந்திருந்தால் குளிரில் அதைத் தேடித்தான் பசி வருகிறது. எல்லைக்கு மேல் திணித்தால் உடம்பே மறுத்துவிடுகிறது.

கொழுப்பு கிடைத்தால் மட்டும் போதாது, காலமும் வேண்டும். அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஷ்வாட்கா, 1879-ஆம் ஆண்டு முதல் இன்யூட் மக்களோடு வடகோடியில் சறுக்கு வண்டிப் பிரயாணம் செய்தவர். முற்றிலும் கலைமான் இறைச்சியையே நம்பி வாழத் தொடங்கும்போது அது உடம்புக்குப் போதாதது போலத் தோன்றும், பலவீனம் காணும், இரண்டு மூன்று வாரங்களில் அது நீங்கிவிடும் என்று தம் தினசரியில் குறித்து வைத்தார். இந்தக் குறிப்பின் அருமை பின்னாளில்தான் விளங்கிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கானடா நாட்டுக் காலாட்படையினர் சிலருக்குக் குளிர்காலப் பயிற்சியின் நடுவே, வழக்கமான உணவைத் திடீரென்று நிறுத்திப் பெம்மிகனும் தேநீரும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் காலையில் அவர்கள் கண் குழிந்து, முகம் வாடி, சோர்ந்து கிடந்தார்கள். பெம்மிகன் பயனற்றது என்று சோதித்தவர்கள் தீர்ப்பளித்தார்கள். உடம்பு பழகுவதற்குள்ளே பரீட்சை வைத்தது நியாயமா என்று ஸ்டெபான்ஸன் கேட்டார். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நாளை காலையில் போருக்குப் போகிறவனுக்கு மூன்று வாரம் கழித்து வரப்போகும் பலம் எதற்கு?

இன்யூட் மக்களின் உடம்பு நம்முடையதைப் போன்றதே என்று எண்ணிவிடுவதற்கும் இல்லை. கொழுப்பை எரிக்கும் முறையை மாற்றும் ஒரு மரபணு வேறுபாடு அவர்களிடையே மிகுதியாக இருப்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆதலால் அவர்களுக்கு ஒத்தது எல்லாருக்கும் ஒத்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, டொரோன்டோவில் நடுநிசியில் விழித்திருக்கும் நம் நண்பரிடம் வருவோம். அவர் சோற்றை விட்டார், அது சரி. ஆனால் பழைய பயத்தினால் நெய்யையும் வெண்ணெயையும் சேர்த்து விட்டுவிட்டு, தோலுரித்த கோழிச் சதையும் முட்டையின் வெள்ளைக் கருவும் மட்டும் உண்கிறாரா? அப்படியானால் அவர் தம் வீட்டிலேயே முயல் வேட்டை ஆடுகிறார் என்று அர்த்தம். அவருக்கு வேண்டியது இன்னொரு கோழியன்று. மஞ்சள் கரு, வெண்ணெய், தேங்காய், பாதாம், கொழுத்த மீன் இவற்றில் ஏதேனும் ஒன்றுதான். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர் மாத்திரம் வைத்தியரைக் கேட்காமல் இந்த முறையில் இறங்கவே கூடாது. மாவுச்சத்து குறைந்த பின்னும் மருந்து பழைய அளவிலேயே இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டிலே சூடு, வண்டியிலே சூடு, காரியாலயத்திலே சூடு என்றிருப்பவருக்கு உண்மையில் எத்தனை நிமிஷம் குளிர் படுகிறது? வில்ஸனும் பவர்ஸும் வண்டி இழுத்தார்கள். நம் நண்பர் வாசற்படியிலிருந்து கார் வரைக்கும் நடக்கிறார். மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும் ஊரில், வெளியே போக வழியின்றி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் பசியில் பாதி, பொழுது போகாததால் வருவது. அதற்கு வெண்ணெய் மருந்தாகாது. கனத்த காலணியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் பனியை அள்ளிக் கொட்டிவிட்டு வந்த பிறகும் பசித்தால், அது குளிர்ப் பசிதான், தாராளமாக உண்ணலாம்.