பொழிவும் வளிமண்டல ஈரமும்

வளிமண்டலத்தில் உள்ள நீராவி குளிர்ந்து, நீராகவோ பனிக்கட்டியாகவோ மேகத்திலிருந்து தரையில் விழுவது பொழிவு எனப்படும். காற்று குளிரக் குளிர, அதில் ஆவியாக நிற்கக்கூடிய நீரின் அளவு குறையும். மிஞ்சும் ஆவி, தூசு போன்ற நுண்துகள்களின் மீது ஒடுங்கித் துளியாகும்.

மேகத்திலிருந்து விழுபவை

தூறல்: 0.5 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள துளிகள்.

மழை: அதைவிடப் பெரிய துளிகள்.

ஆலங்கட்டி: இடிமேகத்தில் வேகமாக மேலெழும் காற்று, துளிகளை உறையும் உயரத்துக்குக் கொண்டுசெல்வதால் உருவாகும் பனிக்கட்டிகள். தமிழ்நாட்டில் கோடைமழையோடு சில நேரம் விழும்.

வெண்பனி: மேகத்திலேயே உருவாகும் பனிப்படிகங்கள். இமயமலைப் பகுதிகளில் பொழியும்.

விழாமல் உருவாகுபவை

"பனி பெய்கிறது" என்பது பேச்சு வழக்கு. ஆனால் தை மாத அதிகாலையில் மணலூர்பேட்டையில் தென்பெண்ணைக் கரைப் புல்லில் நிற்கும் பனித்துளி வானிலிருந்து விழுந்ததன்று. மேகமற்ற இரவில் புல் வெப்பத்தை இழக்கிறது. அதைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே துளியாகிறது. புல்லின் வெப்பம் 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் ஈரம் உறைபனியாகப் படியும். உதகையில் குளிர்காலத்தில் புல்வெளி வெளுப்பது இதனால்தான்.

மூடுபனி தரையைத் தொடும் மேகமே. பார்வைத் தொலைவு 1 கி.மீ.க்குக் குறைந்தால் அது மூடுபனி. கல்வராயன் மலையில் மேகம் படியும்போது, கீழிருப்பவருக்கு அது மேகம். மலைமேல் இருப்பவருக்கு மூடுபனி.

அளவும் எச்சரிக்கையும்

1 மி.மீ. மழை என்பது 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் நீர். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ளது.

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து, தென்பெண்ணையின் மேற்பகுதியில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 500 மி.மீ. பெய்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, கீழுள்ள கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. ஆகவே மணலூர்பேட்டை போன்ற ஆற்றங்கரை ஊரில் இருப்பவர்கள், தம் ஊரில் மழை விட்டிருந்தாலும், மேற்பகுதியின் மழையளவையும் அணைநீர் அறிவிப்பையும் கவனிக்க வேண்டும்.