சக்திக்குத் தக்க தவம்: வீட்டில் செய்யும் கடும் உடற்பயிற்சிகள் – ஓர் ஒப்பீடு

இலக்கியமும் கல்வெட்டும் பேசுகிற மலரில் தண்டால், பஸ்கி பற்றி ஒரு பாத்திர வியாபாரி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். புணேயில் நம் சங்கத்துக்கு வந்துபோகிற குடும்பங்களைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன். காலை எட்டுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வீடு திரும்புகிறோம். நாள் முழுக்க நாற்காலி, இல்லாவிட்டால் கல்லாப்பெட்டி. நாற்பதில் சர்க்கரை, ஐம்பதில் நெஞ்சுவலி. பயந்துபோய் ஏதாவது ஒரு கடும் பயிற்சியைப் பிடித்துக்கொள்கிறோம். பத்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்படி உட்கார்ந்தவர்களில் அடியேனும் ஒருவன். 2012-இல் என் மகன் ஒரு பயிற்சி டிவிடி வாங்கி வந்து கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது 53 வயசு. "உங்களுக்கு இது வேணாம்ப்பா" என்றான். "நான் தூக்காத அண்டாவா?" என்று நானும் குதித்தேன். எட்டாம் நாள் வலது முழங்கால் வீங்கிப்போச்சு. நான்கு மாதம் கடைப் பரணில் ஏற முடியவில்லை. டிவிடியின் மேல் குறை சொல்ல மாட்டேன். அது இருபத்தைந்து வயசுக்காரனுக்குத் தைத்த சட்டை. அந்த நான்கு மாதம் படித்ததையும், பிறகு செய்து பார்த்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நம் உடம்பின் இருப்புக் கணக்கு

புணே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையுமே அச்சிட்டு ஒரு சங்கதி சொன்னார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே அளவு, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! தராசு ஒன்றுதான், சரக்கு வேறு. நம்மவர்கள் ஒல்லியாய்த் தெரிந்தாலும் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடும் உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயசுக்கு மேல் விழாமல் நிற்கப் பழகும் பயிற்சி வாரம் மூன்று நாள். எது மிதம், எது கடுமை? பேச முடியும், பாட முடியாது என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு வரவில்லை என்றால் கடுமை. கருவி எதுவும் வேண்டாம்.

எந்தப் பயிற்சி எதற்கு?

கொள்முதலுக்குப் போகிறவன் என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மூச்சுத் தெம்பு வேண்டுமா, தசை வேண்டுமா, எடை குறைய வேண்டுமா, சர்க்கரை அடங்க வேண்டுமா? நாலும் வேறு வேறு சரக்கு. பெயர்பெற்ற பயிற்சிகளை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

*ஃபைவ் பி.எக்ஸ்.* கனடா விமானப் படைக்காக 1950-களில் பில் ஆர்பன் என்பவர் வகுத்தது. உடற்பயிற்சிக்கூடம் இல்லாத முகாம்களில் இருந்த விமானிகளுக்காக ஏற்பட்டது. ஐந்தே பயிற்சி, 11 நிமிஷம். அதில் 6 நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட்டம். பெண்களுக்கு எக்ஸ்.பி.எக்ஸ். என்று 10 பயிற்சி, 12 நிமிஷம். இதன் பெருமை படிக்கட்டு முறையில் இருக்கிறது. யாராக இருந்தாலும் கீழ்ப்படியில்தான் தொடக்கம். ஒவ்வொரு படியிலும் முப்பதுகளில் இருப்பவர் குறைந்தது 4 நாள், நாற்பதுகளில் 7 நாள், அறுபதைத் தாண்டினவர் 10 நாள் நின்றுவிட்டுத்தான் மேலே போகலாம். ஒரு குறை: காலை நீட்டிப் படுத்து எழும் பயிற்சி முதுகுக்கு ஆகாது என்று இப்போது சொல்கிறார்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு செய்யலாம்.

*தபாடா முறை.* ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இசுமி தபாடா 1996-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பெயர். 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. மொத்தம் நாலு நிமிஷம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், நாளுக்கு ஒரு மணி நேரம் மிதமாய் சைக்கிள் மிதித்தவர்களைவிட இவர்களுக்கு மூச்சுத் தெம்பு குறையவில்லை. மூச்சுக் கடனில் உழைக்கும் சக்தி 28 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்கு அது கூடவே இல்லை. ஆனால் அவர்கள் யார்? விளையாட்டுப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். மிதித்ததும் ஆய்வுக்கூடத்து நிலைச் சைக்கிளை. நாலாவது நிமிஷத்தில் இனி முடியாது என்று சாய்கிற அளவு உழைப்பு அது. நாம் கூடத்தில் நாலு நிமிஷம் கையைக் காலை ஆட்டிவிட்டு 'தபாடா' என்று பேர் வைத்தால் ஆகாது.

*ஏழு நிமிஷப் பயிற்சி.* 2013-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் ஓர் இதழில் வந்தது. சுவர், நாற்காலி, நம் உடம்பு, இவ்வளவுதான் சாமான். 12 பயிற்சி, ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவில் 10 விநாடி. கால், கை, வயிறு என்று மாற்றி மாற்றி வருவதால் ஒன்று உழைக்கும்போது மற்றது இளைப்பாறுகிறது. நேரமில்லை என்பவர்களுக்கு ஏற்றது. ஏழு நிமிஷத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று சுற்று செய்யலாம் என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

*பி-90-எக்ஸ்.* டோனி ஹார்ட்டன் நடத்தும் இது 2005 வாக்கில் வந்தது. 90 நாள், வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். டம்பெல், தொங்கும் கம்பி வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை இளைப்பாறும் வாரம் உண்டு. தசை வளர்க்க நினைக்கும் இளைஞருக்கு இந்த வரிசையில் இதுதான் முழுமையானது.

*இன்சானிட்டி.* ஷான் டி என்பவர் நடத்துவது, 2009. 60 நாள், கருவி இல்லை, எல்லாம் குதிப்பும் ஓட்டமும். நீண்ட உழைப்பு, கொஞ்சமே ஓய்வு. ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களுக்கு மூச்சுத் தெம்பை நன்றாகக் கூட்டும். தசை வளர்க்க இது போதாது. கனத்த உடம்புக்கும் தேய்ந்த முழங்காலுக்கும் ஆகாது. அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரருக்கும் ஆகாது!

*சூரிய நமஸ்காரமும் தண்டால் பஸ்கியும்.* நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணின் கொடை ஒன்றை மறக்கக் கூடாது. ஔந்த் மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பி, 1928-இல் ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். (புணேயில் உள்ள ஔந்த் வேறு, இது சாத்தாரா பக்கத்துச் சமஸ்தானம்.) மெதுவாய்ச் செய்தால் வளைவு, வேகமாய்ச் செய்தால் மூச்சுத் தெம்பு, அதனோடு தண்டாலும் பஸ்கியும் சேர்ந்தால் தசை. ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.

எடை குறைய வேண்டுமா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாலு நிமிஷக் கடும் பயிற்சியில் எரிவது ஐம்பது அறுபது கலோரி. ஓர் இட்லியின் கணக்கு. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. எடை சமையலறையில்தான் குறையும். குறைகிறபோது கொழுப்போடு தசையும் போய்விடாமல் காப்பது பயிற்சி.

தசைக்குப் புரதம் வேண்டும். நம் நாட்டுப் பரிந்துரை உடம்பின் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். தசை வளர்ப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாய் வேண்டும். டிவிடியோடு வரும் உணவுப் பட்டியலில் கோழியும் முட்டையுமாய் இருப்பதைப் பார்த்துச் சைவக் குடும்பங்கள் தயங்க வேண்டாம். 100 கிராம் பருப்பில் 24 கிராம் அளவு புரதம் இருக்கிறது. பாசிப்பயறு, சுண்டல், தயிர், பனீர் போதும். நாங்கள் இருட்டின பிறகு சாப்பிடாதவர்கள்; அதனால் எங்கள் வீட்டில் பயிற்சி காலையில்தான். ராத்திரி ஒன்பதுக்கு உழைத்துவிட்டுப் பட்டினியாய்ப் படுப்பது சரிவராது.

சர்க்கரைக்காரர்களுக்கு

வேலை செய்கிற தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாள் நிற்கும். ஆகையால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது உதவாது. சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிஷ நடையும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்டால் பஸ்கியும் இவர்களுக்கு உத்தமம். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடும் பயிற்சியில் இறங்கக் கூடாது. விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள் குதிப்பதும் மூச்சடக்கித் தூக்குவதும் ஆபத்து.

எல்லோருக்குமாய் இன்னும் இரண்டு. பயிற்சியில் நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். 'வாயுதான், சரியாப் போயிடும்' என்று படுக்காதீர்கள். பழகாத உடம்பை ஒரே நாளில் வதைத்த பிறகு சிறுநீர் கறுத்து வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குக் கேடு வருகிறது என்று அர்த்தம். அதுவும் உடனே காட்ட வேண்டியது.

படி தாண்டாமல்

சமண நெறியில் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். சிராவகன் ஏற வேண்டிய படிகள் பதினொன்று. ஒன்றில் நிலைத்த பிறகே அடுத்தது. தீர்த்தங்கரப் பேற்றுக்குக் காரணமான பதினாறு பாவனைகளில் ஒன்றாகவே 'சக்திக்குத் தக்க தவம்' என்பதை வைத்தார்கள் பெரியோர். சக்திக்கு மீறினால் குற்றம். சக்தி இருந்தும் ஒளித்துவைத்தாலும் குற்றம். உடற்பயிற்சிக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது எனக்கு அறுபத்தாறு. தினமும் முக்கால் மணி நேர நடை, வாரம் மூன்று நாள் நாற்காலியைப் பிடித்து இருபது பஸ்கி, சுவரில் சாய்ந்து பதினைந்து தண்டால், ஒற்றைக் காலில் அரை நிமிஷம். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாய் இருக்கும். ஆனால் பரணில் ஏறி அண்டாவை நானே இறக்குகிறேன். அன்பர்கள் வீட்டில் ஒரு சின்ன நோட்டுப் போட்டு, இன்று எந்தப் படியில் இருக்கிறோம் என்று எழுதி வாருங்கள். லாபம் மெதுவாய் வரட்டும். முதலுக்கு மோசம் வரக் கூடாது.