பருத்த டயரும் பழுதான சாலையும்

திருச்சி நகரின் மிதிவண்டிக் கடைகளில் இன்று முன்வரிசையில் நிற்பது, ஒரு காலத்தில் பால்காரரையும் தபால்காரரையும் ஆசிரியரையும் சுமந்த அந்தக் கறுப்பு நிற வண்டி அல்ல. நான்கு அங்குல அகலமுள்ள டயர்களோடு, மோட்டார் சைக்கிளுக்குத் தம்பி போலத் தோற்றமளிக்கும் 'ஃபேட் டயர் சைக்கிள்'தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. பள்ளி மாணவர்கள் பிறந்தநாள் பரிசாக இதையே கேட்கிறார்கள். நாள்தோறும் உடற்பயிற்சி வேண்டும் என மருத்துவர் அறிவுறுத்திய நடுவயதினரும் இதையே நாடுகிறார்கள். இதை வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்தச் சாலையில், எவ்வளவு தொலைவு, என்ன தேவைக்காக என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

பருத்த டயர் மிதிவண்டி சாலைக்காகப் பிறந்தது அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் அலாஸ்காவில் பனிப்பரப்பிலும், நியூ மெக்சிகோவில் மணல்வெளியிலும் வண்டி ஓட்ட விரும்பிய ஆர்வலர்கள், இரண்டு ரிம்களை ஒன்றாகப் பற்றவைத்து அகலமாக்கும் முயற்சிகளில் இறங்கினர். 2005-இல் சர்லி என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'பக்ஸ்லி' சந்தைக்கு வந்த பிறகே, பட்டறைச் சோதனையாக இருந்த ஒன்று கடைச் சரக்காக மாறியது. சாலையே இல்லாத இடத்துக்காக உருவான வண்டி, சாலைகள் நிறைந்த நகரத்தில் விற்பனையாகிறது என்ற முரண்பாட்டில்தான் என் அக்கறை தொடங்குகிறது.

அகன்ற டயர் மணலில் புதையாததன் காரணம் எளிய கணக்குதான். ஓட்டுபவரின் எடை 80 கிலோ, வண்டியின் எடை 20 கிலோ எனக் கொள்வோம். வசதிக்காக இரு சக்கரங்களும் தலா 50 கிலோ சுமப்பதாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண மிதிவண்டியின் டயரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ அழுத்தம். ஆகவே, டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். பருத்த டயரில் 10 பவுண்டு காற்று போதும். அப்போது தொடும் பரப்பு ஏறத்தாழ 70 சதுர சென்டிமீட்டராக விரிகிறது. அதே சுமை ஐந்து மடங்கு பரப்பில் பரவுவதால் மணல் அமுங்குவதில்லை. பாலைவனத்தில் ஒட்டகத்தின் பாதம் செய்வதும் இதுவே.

தார்ச்சாலையில் இந்த நன்மையே சுமையாகிறது. குறைந்த காற்றுள்ள டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதால் மிதிப்பவரின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. நான்கு அங்குல டயர் ஒன்றே ஒன்றரைக் கிலோ வரை இருக்கக்கூடும். அந்த எடை சக்கரத்தின் விளிம்பில் சுழல்வதால், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் கால்கள் அதை உணரும். குறைந்த காற்றில் தார்ச்சாலையில் திரும்பும்போது ஹேண்டில்பார் கனத்து, வண்டி தன்போக்கில் ஒரு பக்கம் இழுப்பதுபோலத் தோன்றும்.

இனி நம் ஊரின் நிலவியலைப் பார்ப்போம். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. சித்திரை வீதிகளும் உத்திர வீதிகளும் சமதளம். சத்திரம் பேருந்து நிலையப் பகுதியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து மாம்பழச்சாலை வழியாகத் திருவரங்கம் செல்வது குறுகிய பயணம். பாலத்தின் ஏற்றமும் ஆடி மாதத்து எதிர்க்காற்றும் மட்டுமே அதில் உடலைச் சோதிப்பவை. இந்த அன்றாடப் பயணத்துக்கு நான்கு அங்குல டயர் தேவையே இல்லை. முக்கொம்பு வரையிலோ, கல்லணை வரையிலோ ஆற்றங்கரையை ஒட்டிச் செல்ல விரும்புவோருக்கும், கரைமீதுள்ள மண்பாதைகளில் இறங்கி ஓட்டுவோருக்கும்தான் பருத்த டயரின் உண்மையான பயன் புலப்படும்.

என் பரிந்துரை இதுதான்: பெரும்பாலோருக்கு இரண்டு முதல் இரண்டரை அங்குல அகலமுள்ள டயரே போதும். நம் பழைய கறுப்பு வண்டியின் ஒன்றரை அங்குல டயரைவிட அது பள்ளங்களை நன்றாகத் தாங்கும். நான்கு அங்குல டயரைவிட இலகுவாக உருளும். வாரத்தில் சில நாள்களாவது மண்ணிலும் மணலிலும் ஓட்டுவது உறுதி என்றால் மட்டுமே பருத்த டயரை நாடலாம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, சட்டத்தின் அளவு. டயர் 26 அங்குலம் என்பது சக்கரத்தின் அளவே தவிர, ஓட்டுபவரின் உயரத்துக்கான அளவு அல்ல. வண்டியின் பாரின் இருபுறமும் காலூன்றி நின்றால், உடலுக்கும் பாருக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாவது, மிதிகளுக்கு இடையிலான அகலம். பருத்த டயருக்கு இடம்விட வேண்டியிருப்பதால் இந்த வண்டிகளில் பெடல்கள் வழக்கத்தைவிட விலகியே இருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் இதைச் சிறு தொலைவாவது ஓட்டிப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, முன்பக்க ஸ்பிரிங். மலிவு விலை வண்டிகளில் 'சஸ்பென்ஷன்' என்ற பெயரில் பொருத்தப்படும் கனமான ஸ்பிரிங் எடையைக் கூட்டும் அளவுக்கு வேலை செய்வதில்லை. பருத்த டயரில் உள்ள காற்றே போதிய ஸ்பிரிங். அந்தப் பணத்தை நல்ல டிஸ்க் பிரேக்குக்குச் செலவிடலாம். நான்காவது, கியர். சமதளமான நம் ஊருக்கு இருபத்தொரு கியர் அவசியமில்லை. பின்சக்கரத்தில் ஏழு இருந்தாலே தாராளம். ஐந்தாவது, உதிரி பாகங்கள். நான்கு அங்குல டியூபும் டயரும் தெருமுனைக் கடையில் கிடைக்குமா எனக் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய வண்டியின் வால்டியூபை எந்தக் கடையிலும் மாற்றிவிடலாம். இந்த வண்டியின் வால்வு மோட்டார் சைக்கிளில் உள்ள வகை. காற்றடிக்கும் பம்பும் அதற்குப் பொருந்த வேண்டும்.

ஆறாவதாகச் சொல்வது சிறியதெனத் தோன்றினாலும் முக்கியமானது. மட்கார்டு, கேரியர், செயின் கவர், மணி, விளக்கு ஆகிய எதுவும் இல்லாமல் இவ்வண்டிகளில் பல விற்கப்படுகின்றன. ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாத நான்கு அங்குல டயர் வாரி இறைக்கும் சேறு முதுகு முழுவதையும் நனைத்துவிடும். வேட்டி, புடவை அணிபவர்களுக்குச் செயின் கவர் இல்லாத வண்டி ஆபத்து. இவற்றுக்கான செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அந்தக் குறைப்பு பில்லில் தெரிகிறதா என்றும் பார்ப்பது நல்லது.

இந்த வண்டியை ஓட்டும் கலையில் பாதி காற்றழுத்தத்தில் இருக்கிறது. தார்ச்சாலைக்கு 15 முதல் 20 பவுண்டு, கெட்டியான மண்பாதைக்கு 10 முதல் 12 பவுண்டு, உலர்மணலுக்கு 6 முதல் 8 பவுண்டு எனத் தொடங்கி, தம் எடைக்கேற்ப ஓரிரு பவுண்டு கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள வரம்பை மீறக்கூடாது. காற்று அதிகமானால் வண்டி பந்துபோலத் துள்ளும். மிகக் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் நழுவி, வால்வு சாய்ந்து நிற்கும். அது டியூப் கிழியப்போவதன் அறிகுறி. குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு அளவுமானி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நலம்.

மணலில் ஓட்டும்போது குறைந்த கியரில் சீராக மிதிக்க வேண்டும். உடலின் எடையைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரை இறுகப் பற்றாமல், வண்டியை அதன் போக்கில் விட வேண்டும். சட்டெனத் திருப்புவதும் முன்பிரேக்கை அழுத்துவதும் கீழே தள்ளிவிடும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளப்பட்ட பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும் என்பதால், நீரோட்டத்தின் அருகே எவரும், குறிப்பாகச் சிறுவர்கள், வண்டியை இறக்கக்கூடாது. மேட்டூரில் நீர் திறக்கப்பட்ட காலத்தில் ஆற்றுப்படுகையை மறந்துவிடுவதே அறிவுடைமை.

மின்கலத்தில் இயங்கும் பருத்த டயர் வண்டிகளும் வந்துவிட்டன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் இந்திய விதிகளின்படி அதற்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. மிதிவண்டியின் தாயகம் எனப் போற்றப்படும் நெதர்லாந்திலேயே, வேக வரம்பு தளர்த்தப்பட்ட இத்தகைய வண்டிகளைச் சிறுவர்கள் ஓட்டுவது பெரும் பொது விவாதமாகியிருப்பதை நம் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனையும் தனிமனிதத் தெரிவு. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், அதற்கு அப்பாலும் ஒன்றை நான் காண்கிறேன். பிறர் காண்பதற்காகச் செய்யப்படும் செலவைப் பற்றி தார்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே எழுதினார். பருத்த டயர் மோகத்தில் அதுவும் ஒரு பங்கு வகிக்கிறது. ஆனால், 'ரோடு சரியில்லை, அதனால்தான் இந்த வண்டி' என்று ஒரு தந்தை சொல்லும்போது அது வெறும் பகட்டு அல்ல. குடிநீர்க் குழாயை நம்பாமல் கேன் தண்ணீர் வாங்குவதும், மின்வெட்டுக்கு அஞ்சி இன்வெர்ட்டர் வாங்குவதும் எந்த வகையோ, பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி அரைகுறையாக மூடப்பட்ட தெருவுக்காகப் பருத்த டயர் வாங்குவதும் அந்த வகையே. பொதுப்பொருள் பழுதாகும்போது, அதற்கான விலையைத் தனியாக நாமே கட்டுகிறோம்.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பு சீர்குலையும்போது மக்கள் குரல் எழுப்பலாம் அல்லது வெளியேறலாம் என்றார். வசதி உள்ளவர்கள் வெளியேறிவிட்டால், குரல் எழுப்புவதற்கு வலிமையுள்ளவர்கள் அங்கே எஞ்சுவதில்லை. பள்ளத்தை உணராத டயரில் செல்பவர் பள்ளத்தைப் பற்றிப் புகார் செய்வாரா?

எஞ்சுபவர் யார் என்பதும் நமக்குத் தெரியும். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கெனத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவ, மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், தமிழகத்தின் பெருமைகளில் ஒன்று. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றதை நாடே வியந்து பார்த்தது. அந்தப் பெண்களின் வண்டியிலும், இன்று அரசு தரும் வண்டியிலும் இருப்பது குறுகிய டயர்தான். அதில் செல்லும் மாணவிக்கு மூடப்படாத பள்ளம் கைமுறிவாகிறது. மழைநீர் தேங்கிய குழி உயிராபத்தாகிறது.

ஆகவே, பருத்த டயர் வண்டியை விரும்புவோர் மகிழ்ச்சியோடு வாங்கட்டும். ஆற்றங்கரையில் ஓட்டி நலம் பெறட்டும். அதோடு நிற்காமல், தெருவைத் தோண்டியவர்களே குறித்த நாளுக்குள் அதைச் செப்பனிட வேண்டும் என்றும், காவிரியின் குறுக்கே எழும் புதிய பாலத்தில் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் வேண்டும் என்றும் அவர்களே முன்நின்று கேட்க வேண்டும். ஒன்றரை அங்குல டயரில் பள்ளிக்குச் செல்லும் மாணவி அச்சமின்றிச் செல்லக்கூடிய சாலையே நல்ல சாலை. அந்தச் சாலை அமைந்துவிட்டால், பருத்த டயர் அதற்கு உரிய இடமான மணலுக்குத் தானாகவே திரும்பிவிடும்.