கைக்குள்ளே ஒரு வழித்துணை

"தனியாகவா? காசிக்கா?" என்று அப்பா போட்ட சத்தத்தில், அடுத்த வீட்டு டெலிவிஷன்கூட ஒரு கணம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

கேட்டவள் என் அத்தை. வயது 63. அத்திம்பேர் இருந்தவரை, "ரிடையர் ஆகட்டும், காசிக்குப் போகலாம்" என்று வருஷா வருஷம் சொல்லி வந்தார். ரிடையரும் ஆனார். ஆன மறு வருஷமே அத்தையை விட்டுவிட்டு, தாம் மட்டும் வேறோர் இடத்துக்குத் தனியாகப் புறப்பட்டுப் போய்விட்டார்.

அத்தையின் பிள்ளைக்கு லீவு இல்லை. எனக்கோ பத்திரிகை வேலை. அத்தையின் முழங்கால் இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"துணைக்கு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நான் காசிக்குப் போகமாட்டேன். என்னைச் சொம்பில் போட்டு நீங்கள்தான் கொண்டு போவீர்கள்" என்றாள் அத்தை. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

நான் நடுவில் புகுந்தேன். "அத்தைக்குத் துணையாக ஐந்தாறு பேரை நான் அனுப்பி வைக்கிறேன். அவர்களுக்கு டிக்கெட் வேண்டாம்; சாப்பாடு வேண்டாம். அத்தனை பேரும் அத்தையின் கைப்பைக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள்" என்றேன்.

வேறொன்றுமில்லை, மொபைல் போனில் இருக்கிற செயலிகளைத்தான் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தை இருக்கலாம். அல்லது வேலைப் பேட்டிக்காக முதல் தடவை வெளியூருக்குத் தனியே புறப்படுகிற பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெட்டி கட்டுவதற்கு முன்

முதல் பாடம் இது: செயலியை ஊரில் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியுமா? ஆகவே, பிரயாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பே அத்தைக்குப் பள்ளிக்கூடம் வைத்தேன்.

2025 ஜூலையில் ரயில்வே வெளியிட்ட 'ரயில்ஒன்' என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தேன். ரிசர்வேஷன் டிக்கெட், சாதாரண டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் எல்லாம் அதிலேயே வாங்கலாம். வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். பெட்டியில் தண்ணீர் இல்லை, தொந்தரவு செய்கிறார்கள் என்றால் புகாரும் கொடுக்கலாம். செயலி வசப்படாதவர்கள் 139 என்ற எண்ணைச் சுழற்றினால் போதும். அது ரயில்வேயின் உதவி எண்.

அடுத்தது 'டிஜிலாக்கர்'. 2015 முதல் இருந்து வருகிற சர்க்கார் பெட்டகம். ஆதார் அட்டை பையோடு தொலைந்து போனாலும், இதிலிருந்து டிக்கெட் பரிசோதகரிடம் காட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: சர்க்கார் இலாகா நேராக அதில் சேர்த்துக் கொடுத்த ஆதாரும் டிரைவிங் லைசென்ஸும்தான் செல்லும். நாமாகப் போட்டோ பிடித்து ஏற்றி வைத்தது செல்லாது.

காசி நகரத்து வரைபடத்தையும் 'கூகிள் மேப்ஸ்' செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்தோம். அப்படிச் செய்துவிட்டால் இன்டர்நெட் இல்லாத இடத்திலும் வரைபடம் தெரியும். நாம் நிற்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி மினுக்கும்.

பாஷை தெரியாத ஊரில்

அத்தைக்கு ஹிந்தி தெரியாது. 'கூகிள் டிரான்ஸ்லேட்' செயலியில் தமிழையும் ஹிந்தியையும் இறக்கி வைத்தேன். கூடத்தில் ஒத்திகை நடந்தது.

"ஏம்ப்பா, சித்தே வெந்நீர் இருந்தால் இந்தச் சொம்பில் விடேன், உனக்குப் புண்ணியமாய்ப் போகும்" என்றாள் அத்தை.

செயலி திணறிப் போய்விட்டது!

"அத்தை, தந்தி அடிப்பது போலப் பேசுங்கள்" என்றேன். "வெந்நீர் வேண்டும்" என்று அத்தை சொன்னதும், ஹிந்தியில் ஒழுங்காகச் சொல்லிற்று. எழுதிய பலகையைக் காமிராவில் பிடித்தாலும் அது தமிழில் சொல்லும். சின்னச் சின்ன வாக்கியம், அதுதான் ரகசியம்.

ஆபத்து என்றால்

எண் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது பொது. '112 இந்தியா' என்ற செயலியும் இருக்கிறது. நம் தமிழ் நாட்டுக்குள் பிரயாணம் செய்கிறவர்களுக்கு 2022ல் வந்த 'காவல் உதவி' என்ற செயலி உண்டு. அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், நாம் இருக்கிற இடம் போலீஸுக்குத் தெரிந்துவிடும்.

செயலியைத் தேடவே நேரமில்லையா? பல போன்களில், பக்கத்தில் இருக்கிற பவர் பொத்தானை மளமளவென்று ஐந்து தடவை அழுத்தினால் ஆபத்து அழைப்பு போகும்படி அமைத்துக்கொள்ளலாம். உங்கள் போனில் எப்படி என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். கூடவே ரத்தப் பிரிவு, சாப்பிடுகிற மருந்து, வீட்டு எண் ஆகியவற்றையும் பதிந்து வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் மற்றவர்கள் அதைப் பார்க்க வழி இருக்கிறது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. ஆகையால் அதை முதலில் செய்தேன்.

இவ்வளவையும் முடித்த பிறகு ஒரு காகிதத்தில் என் எண்ணை எழுதி நீட்டினேன். "இத்தனை வித்தைக்கு அப்புறம் இது எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே, அத்தை அதைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த இரண்டாம் இரவு

சென்னையிலிருந்து காசிக்கு இரண்டு இரவுப் பிரயாணம். வாட்ஸ்அப்பில், தான் இருக்கிற இடத்தை வீட்டாருக்குத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும் வசதி ஒன்று உண்டு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நகர்கிற புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "விஜயவாடா தாண்டியாச்சு!" "நாகபுரி வந்தாச்சு!" என்று வீட்டில் ஒரே நேர்முக வர்ணனை.

இரண்டாம் இரவு புள்ளி மறைந்துவிட்டது. போன் செய்தால் அத்தை எடுக்கவில்லை.

அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நீதானேடா அனுப்பினாய்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அந்த இரவு நான் தூங்கவில்லை. வண்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று செயலி சொல்லிற்று. ஆனால் அத்தை அதில் இருக்கிறாளா என்று அது சொல்லவில்லையே!

காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "டேய், என் போன் உயிரை விட்டுவிட்டது. இது எதிர் பெர்த் பெண்ணுடைய போன். நீ கொடுத்த காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன்" என்றது அத்தையின் குரல்.

நடந்தது இதுதான். பேரனுடைய படங்களை ஒன்று விடாமல் அந்தப் பெண்ணுக்குக் காட்டியிருக்கிறாள். போன் களைத்துவிட்டது. படுக்கப் போகும்போது பிளக்கில் செருகினால் மின்சாரம் இல்லை! தீ விபத்துக்குப் பயந்து, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ரயில் பெட்டிகளில் போன் சார்ஜ் செய்யும் மின்சாரத்தை நிறுத்தி வைப்பது என்று 2021ல் ரயில்வே ஏற்பாடு செய்தது. இது எனக்கும் அன்றுவரை தெரியாது. வாட்ஸ்அப்பில் இடம் காட்டுகிற வசதியும் அதிகபட்சம் 8 மணி நேரத்தோடு நின்றுவிடும். மறுபடி தொடங்கி வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் வைத்த வாத்தியாரே பெயில்!

இன்னொரு கண்டமும் இருந்தது. காசியைச் சுற்றிப் பல ஸ்டேஷன்கள்: வாராணசி ஜங்ஷன், 2021ல் 'பனாரஸ்' என்று பெயர் மாறிய பழைய மண்டுவாடி, 'காசி' என்றே ஒரு சிறு ஸ்டேஷன். கங்கைக்கு அப்பால், 2018ல் தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன் என்று பெயர் மாறிய பழைய முகல்சராய் வேறு. அந்த ஜங்ஷனில் பெட்டியில் பாதிப் பேர் இறங்க, அத்தையும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஓடி வந்து தடுத்தது அந்தப் பெண்தான். விஜயவாடாவில் ஏறியவள், காசி ஹிந்து சர்வகலாசாலையில் படிக்கிறவள், அவளும் தனியாகப் போகிறவளே. தன் போனில் 'வேர் ஈஸ் மை டிரெயின்' என்ற செயலியைக் காட்டினாளாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும், செல்போன் கோபுரங்களை அடையாளம் வைத்து வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற செயலி அது. இறங்க வேண்டிய ஸ்டேஷன் வருமுன் எழுப்பிவிடும்படி மணியும் வைத்துக்கொள்ளலாம். "பாலம் தாண்டணும் பாட்டி" என்று தெலுங்கும் சைகையுமாகச் சொல்லி உட்கார வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் கங்கை வந்தது.

இறங்கிய பிறகு

வாடகைக் காரைச் செயலியில் அழைத்தாள் அத்தை. நம்பர் பலகை செயலியில் காட்டிய எண்தானா என்று பார்த்த பிறகே ஏறவேண்டும்; ஓ.டி.பி. எண்ணை ஏறும்போதுதான் சொல்லவேண்டும். பாரதியார் இளமையில் தம் அத்தை வீட்டில் தங்கியிருந்த அனுமான் காட் பக்கம் ஜாகை. காசியின் சந்துகளில் கார் நுழையாது. அங்கே நீலப் புள்ளியும் சற்றுத் தடுமாறும். வாயைத் திறந்து வழி கேட்பதுதான் உத்தமம்.

பணத்துக்கு யு.பி.ஐ. இருக்கிறது. ஆனால் நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவன் எடுக்கத்தான் வருகிறான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

ஆகவே நேயர்களே, செயலிகளோடு மூன்று பொருளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பவர் பாங்க், எண் எழுதிய ஒரு காகிதம், எதிரில் இருப்பவரிடம் பேச ஒரு நல்ல வாய். புள்ளி மறைந்தால் பதறாமல் இருக்கும்படி வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். "தினம் இரண்டு வேளை இந்த நேரத்துக்குப் பேசுகிறேன்" என்று ஒரு பேச்சு இருந்தால் நிம்மதி.

அத்தை பத்தாம் நாள் திரும்பினாள். கங்கைச் சொம்பை அப்பாவிடம் கொடுத்தாள். "இரண்டு பேருக்குமாகச் சேர்த்து முழுக்குப் போட்டுவிட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு நான்தான் கேட்டேன்: "காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்களே, நீங்கள் எதை விட்டீர்கள்?"

"கொத்தவரங்காயை விட்டேன்" என்றாள் அத்தை. "அப்புறம், உன் அப்பாவிடம் உத்தரவு கேட்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டேன். பத்ரிநாத் எந்த மாசம் திறக்கிறார்கள் என்று அந்தப் போனில் கொஞ்சம் பார்த்துச் சொல்லு!"