பனியனின் விலை - 7: ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் வேலை நேரம் எவ்வளவு என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள். "ஒன்றரை ஷிப்ட்" என்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே.

சென்ற வாரம் நூல் விலையைப் பார்த்தோம். இந்த வாரம் கூலி.

சனிக்கிழமை இரவு, காம்பவுண்ட் வீட்டு வாசலில் ஓவர்லாக் அடிக்கும் அக்கா ஒருவர் தன் பீஸ் நோட்டைக் காட்டினார். மகளின் பழைய கணக்கு நோட்டு அது. முன்பக்கங்களில் பின்னக் கணக்கு. பின்பக்கங்களில் தோள் எத்தனை டஜன், சைடு எத்தனை டஜன் என்று பென்சிலில் எழுதியிருந்தது. "ஒரு ஷிப்ட் காசு வாடகைக்கும் வட்டிக்குமே சரியாப் போயிருதுங்க. அந்த அரை ஷிப்ட்லதான் நாங்க சாப்பிடறது" என்றார்.

1984-இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது; முதலாளி அடுத்த தெருவில் இருந்தார். இன்று அவரும் விலை கேட்டு நிற்கிறார். வெளிநாட்டு பையர் டாக்கா விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறார். நூல் விலையோ கரண்ட் பில்லோ முதலாளி சொன்னால் குறையாது. அவர் கைக்கு எட்டுவது தையல் கூலி ஒன்றுதான்.

2005-இல் ஜவுளி கோட்டா முறை ஒழிந்த பிறகு இந்தப் பேரம் கடுமையானது. வங்கதேசச் சரக்கு ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த மலிவுக்கு அங்குள்ளவர்கள் என்ன கொடுத்தார்கள்? 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் தையல்காரர்களை மட்டும் மாடியேற வைத்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2023-இல் மாதச் சம்பளமாக 23,000 டாகா கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது 12,500. போராட்டத்தில் உயிர்களும் போயின.

"அங்கே கூலி ஏறினால் ஆர்டர் இங்கே வரும்" என்று திருப்பூரில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வலிக்கிறது. டாக்காவில் கூலி ஏறினால் பையருக்கு எத்தியோப்பியா இருக்கிறது. ஹவாசா தொழிற்பூங்காவில் 2019-இல் மாத அடிப்படைச் சம்பளம் 26 டாலர்தான்.

இந்தத் தொழில் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு புழங்கியது இந்த ஊரில்தான். அந்த அக்காவும் அப்படி வந்தவர்தான்.

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது, வங்கதேசத்துக்கு 20. சில வாரங்கள் கழித்து அவரைப் பார்த்தேன். மாலை ஐந்தரைக்கே வீட்டில் இருந்தார். "இப்ப ஒரு ஷிப்ட்தானுங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுக்காமலே அடுப்படிக்குப் போனார்.

(தொடரும்)